ஆண்டு 1-இல் மூன்று விதமான பிள்ளைகள், யாருக்குப் பாடம் நடத்துவது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்கிறேன். நம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கு முதல் நியமனமாக வந்திருக்கும் ஆசிரியர், வயதில் சிறியவர், தம்பி என்றே கூப்பிடுகிறேன், புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்பதிவு அனுப்பியிருந்தார். அவர் கேட்டது இது: "டீச்சர், ஆண்டு 1-இல் 12 பிள்ளைகள். நான்கு பேர் பாடநூலை அவர்களாகவே வாசிக்கிறார்கள். நான்கு பேருக்கு எழுத்து தெரியும், சேர்த்து வாசிக்க வராது. மற்ற நான்கு பேருக்கு ஒன்றுமே தெரியாது, அதில் ஒரு பையன் வாயே திறப்பதில்லை. மேலிடத்தில் பாடத்தை முடிக்கச் சொல்கிறார்கள். நான் யாருக்கு நடத்துவது?"

சரி தம்பி. முதலில் அந்த "ஒன்றுமே தெரியாது" என்பதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டேன். அதற்குள் நாலைந்து வேறு வேறு சங்கதி இருக்கும். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு மூன்று நிமிடம் கேட்டால்தான் எங்கே அறுகிறது என்று தெரியும். கேட்கும்போது சுவரில் இருக்கும் எழுத்து அட்டவணையைக் காட்டாதீர்கள். பாலர் பள்ளியில் பாட்டாகப் பாடிவிட்டு வந்த பிள்ளை அ-வில் தொடங்கி ஔ வரை மூச்சு விடாமல் சொல்லிவிடும், நாமும் தெரியும் என்று குறித்துவிட்டுப் போய்விடுவோம். அதே பிள்ளையிடம் ஏ-யை மட்டும் தனி அட்டையில் காட்டிப் பாருங்கள், கண் சுவரைத் தேடும், உதடு அ, ஆ, இ என்று மெதுவாக அசையும். வரிசைதான் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. அதனால் அட்டைகளைக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் நடுக் கூட்டம், எழுத்து தெரியும் ஆனால் சேர்த்து வாசிக்க வராது என்றீர்களே, அவர்களை நன்றாகக் கவனியுங்கள். பெரும்பாலும் கொம்பில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள். 'கொய்யா' என்ற சொல்லை எடுங்கள், எல்லார் வீட்டு வாசலிலும் இருக்கிற மரம். பிள்ளை விரலை இடப்பக்கம் கொம்பின் மேல் வைக்கிறது, "எ" என்கிறது, அடுத்து "க" என்கிறது, அடுத்து கால் வருகிறது, "கா" என்கிறது, "எ... கா... ய்யா", அதோடு உங்கள் முகத்தைப் பார்க்கிறது. பிள்ளை மேல் தப்பே இல்லை. இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக்கொடுத்தது நாம்தான், கண்ணில் முதலில் படுகிற குறியை வாயில் கடைசியாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இதே பிள்ளை அடுத்த பாடவேளையில் மலாயில் ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்து வடிவில், உயிரெழுத்து வந்த இடத்திலேயே உச்சரித்துவிட்டு வருகிறது, அந்தப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு நான் செய்வது மிகவும் சாதாரணமான வேலை. கோப்புக்குப் போடும் பிளாஸ்டிக் உறையை நறுக்கி, அதில் சிவப்பு மார்க்கரில் கொம்பு மட்டும் எழுதிக்கொள்வேன். மேசையில் 'க' அட்டை இருக்கும். பிள்ளை "க" என்று சொன்ன பிறகுதான் கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பேன், "கெ" என்று மாறும். எடுத்தால் "க". வைத்தால் "கெ". பிறகு அந்த உறையைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுங்கள், அதுவே ப, ம, த என்று எல்லா எழுத்துக்கும் வைத்து விளையாடட்டும். 'கொ' மாதிரி இரண்டு பக்கமும் குறி வருவதை அதற்கு அப்புறம் தொடுங்கள், அவசரம் வேண்டாம். உகர வரிசையில் இந்தத் தந்திரம் எடுபடாது, கு, சு, து, பு, மு எல்லாம் ஒரே குறியில் அடங்காது, அதைச் சொல்லோடு சேர்த்துப் பார்த்துப் பார்த்துப் பழகினால்தான் உண்டு.

ஒன்றும் தெரியாத கூட்டத்துக்கு 247 எழுத்தையும் வரிசையாகக் கொண்டு போகாதீர்கள். அகர வரிசையும் புள்ளியும் மட்டும் வைத்தே எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள், மரம், படம், கல், பல், கடல், வயல், பழம், நகம், மணல். கொம்பும் இல்லை, கொக்கியும் இல்லை. ஐந்தாறு எழுத்து தெரிந்தவுடனேயே ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்டோம் என்ற தெம்பு பிள்ளைக்கு வரும். ஆனால் ஒன்று, பயிற்சித்தாளை நகல் எடுக்கும்போது பாருங்கள், நகல் இயந்திரத்தில் மை கம்மியாக இருந்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். கெ-வுக்கும் கே-வுக்கும் வித்தியாசமே கொம்புக்கு மேலே இருக்கிற சின்னச் சுழிதான், அதுவும் அழிந்துவிடும். பிள்ளை தாளில் இருப்பதைச் சரியாகத்தான் வாசித்திருக்கும், நாம் தப்பு போட்டிருப்போம்.

இப்போது நேரம். ஒரு மணி நேரப் பாடம் இருக்கிற நாளில் முதல் பதினைந்து நிமிடத்தைக் கடைசிக் கூட்டத்துக்குக் கொடுங்கள். பாடம் முடிந்து மிச்ச நேரத்தில் அவர்களைப் பார்க்கலாம் என்றால் அந்த மிச்ச நேரம் வராது, ஒரு நாள் சபைகூடல் நீண்டுவிடும், ஒரு நாள் அலுவலகத்திலிருந்து ஏதாவது படிவம் வரும். முதலில் அவர்கள் உங்களோடு உட்காரட்டும். அந்த நேரத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு படத்தைப் பார்த்து மூன்று வாக்கியம் எழுதட்டும், நடுக் கூட்டம் இரண்டிரண்டு பேராக விரல் வைத்து வாசிக்கட்டும். பிறகு எல்லாருக்குமாகப் பாடநூலை எடுங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லலாமே என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. எப்போதாவது சரி. தினமும் என்றால், அந்தக் கெட்டிக்காரி மற்றவன் வாயைத் திறப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள், அவனும் அவள் வாயைப் பார்த்தே ஆண்டு 2-க்குப் போய்விடுவான். அவளும் படிக்கத்தானே வந்திருக்கிறாள்?

பாடத்தை முடிக்கச் சொல்வது பற்றி. ஆண்டு 6 முடிவில் வைத்த யூ.பி.எஸ்.ஆர். அரசாங்கத் தேர்வை 2021-இலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது வகுப்பில் நாமே செய்கிற பி.பி.டி. மதிப்பீடு, அடைவுநிலை 1-இலிருந்து 6 வரை. பிள்ளை 1-இல் இருந்தால் 1 என்றே போடுங்கள், 3 என்று போட்டுவிட்டு அடுத்த ஆண்டு ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, இன்ன பிள்ளை இன்ன எழுத்தில் நின்றது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். தலைமையாசிரியர் கேட்டால் அதைக் காட்டுங்கள். வாய்ப்பேச்சைவிட அந்த நோட்டு உங்களுக்காக நன்றாகப் பேசும். பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் குறைநீக்கல் ஆசிரியர் இருந்தால் அவரிடம் பேசவும் அதுதான் உதவும்.

வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். தோட்டத்துப் பள்ளி என்று பெயர்தான், குடும்பங்களெல்லாம் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன, பள்ளி செம்பனைக்கு நடுவிலேயே நிற்கிறது. பிள்ளை இருட்டோடு எழுந்து, வேனில் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. பசியாறிவிட்டு வந்ததா என்று முதலில் கேளுங்கள், பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் ஷிப்டு வேலை என்றால் வீட்டுப்பாடத்தைப் பாட்டிதான் பார்க்கிறார். பாட்டி 'லை', 'னை' எழுத்தைப் பழைய துதிக்கை வடிவத்தில் எழுதிக் காட்டியிருப்பார். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது, இங்கேயும் இப்போது நாம் எழுதுவது அந்தப் புதிய வடிவம்தான், பாட்டி படித்தது அதற்கு முன்னால். சிவப்புப் பேனாவால் அடித்துவிடாதீர்கள். பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதே உங்களுக்குப் பெரிய துணை, தினமும் ஐந்து சொல் வாசிக்கச் சொல்லிக் குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். பெற்றோர் புலனக் குழுவில் மட்டும் "இன்னும் வாசிக்காதவர்கள்" என்று பெயர்ப் பட்டியல் போடாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள்.

அந்த வாய் திறக்காத பையன். அவனை வாசி என்று சொல்லவே சொல்லாதீர்கள், இப்போதைக்கு. நான்கு அட்டையை மேசையில் வைத்து, நீங்கள் "மரம்" என்று சொல்லுங்கள், அவன் எடுத்துக் கொடுக்கட்டும். சரியாக எடுத்தால் அவனுக்குத் தெரிகிறது, பேச்சுதான் வரவில்லை. ஓய்வு நேரத்தில் கூட்டாளிகளோடு பேசுகிறானா என்று சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே கத்திக்கொண்டிருந்தால் வகுப்பு பயம், கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாம். அங்கேயும் பேசவில்லை, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் தாமதிக்காதீர்கள், அம்மாவைக் கூப்பிட்டு அரசாங்கக் கிளினிக்கில் காதையும் கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் பதில் வந்த பிறகு எனக்கு மறுபடி ஒரு குரல்பதிவு அனுப்புங்கள் தம்பி, அதற்கேற்ப அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

சரி, அடுத்து ஒரு டீச்சர் ஆண்டு 2 கழித்தலில் பிள்ளைகள் பத்தைக் கடன் வாங்கிவிட்டு அதைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார், அதைப் பார்ப்போம்.