இழப்பவரின் கணக்கு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரு நிறுவனத்திலோ சங்கத்திலோ பெரிய மாற்றம் ஒன்றைக் கொண்டுவர வேண்டுமென்று கூட்டம் போட்டு, எல்லோரும் பேசி, எல்லோரும் தலையாட்டி, கைதட்டலோடு தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கலைந்துபோன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அடுத்த ஆண்டு திரும்பிப் பார்த்தால் தீர்மானம் கோப்பில் பத்திரமாக இருக்கும். வேலை மட்டும் பழைய வழியிலேயே நடந்துகொண்டிருக்கும். இதற்குச் சிலருடைய சோம்பலையும் வேறு சிலருடைய சூழ்ச்சியையும் காரணமாகச் சொல்வது நம் வழக்கம். ஒத்துப்போகாத தரப்பினரை ஒரே மேசையில் அமர்த்திப் பேச வைப்பதையே நெடுங்காலமாக வேலையாகக் கொண்டிருக்கும் எனக்கு வேறொரு காரணம்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது. மாற்றத்தால் யாருக்கு என்ன நன்மை என்பதை நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். யாருக்கு என்ன இழப்பு என்று கேட்பதேயில்லை. இழக்கப்போகிறவர் கூட்டத்தில் எழுந்து எதிர்த்துப் பேசுவதும் அரிது. நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பவர் என்ற பெயரை யார்தான் விரும்புவார்? அவரும் சேர்ந்து தலையாட்டுவார். தம் இடத்துக்குத் திரும்பிய பிறகு, சத்தமில்லாமல், முடிந்தவரை பழையதையே தொடர்வார்.

ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். நோயாளிகளின் குறிப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்ற அங்கே முடிவெடுத்தார்கள். நிர்வாகம், மருத்துவர்கள், கணக்குப் பிரிவு, மென்பொருள் எழுதியவர்கள் என எல்லாத் தரப்பும் கலந்து பேசி, ‘ஒரு நோயாளிக்கு ஒரே பதிவு’ என்ற வாசகத்தைச் சுவரில்கூட ஒட்டியிருந்தார்கள். சில மாதங்களில் என்ன ஆயிற்று என்றால், செவிலியர்கள் கட்டிலடியில் தொங்கும் தாளில் முதலில் எழுதிவைத்துவிட்டு, பணிநேரம் முடியும் சமயத்தில் அவற்றை மொத்தமாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரே பதிவு இரண்டு பதிவாகிவிட்டது. ஒழுங்கு போதவில்லை என்பது நிர்வாகத்தின் தீர்ப்பு. இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவரிடம் தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கணினி கூடத்தின் கடைக்கோடியில் இருந்தது. காய்ச்சல் அளவு ஒன்றை ஏற்ற அவர் எழுந்து போனால், கடவுச்சொல் கொடுத்து, உரிய பக்கம் திறந்து, ஏற்றி முடித்துத் திரும்பும்வரை அந்தக் கட்டில்களைப் பார்க்க ஆளில்லை. தாளில் எழுத வேண்டுமென்றால் கட்டிலைவிட்டு நகரவே வேண்டாம். அவர் இழந்தது சௌகரியத்தையன்று. நோயாளிகள்மேல் வைத்திருந்த கண்ணை. பிறகு சக்கரம் பொருத்திய தாங்கியில் கணினி கட்டிலருகே வந்தது. தாள்களை யாரும் தடைசெய்யாமலே அவை காணாமல் போயின. முதல் கூட்டத்தில் இதைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1925-இலேயே ஒரு சின்ன உதாரணத்தால் இதை விளக்கினார். ஹார்வர்ட் நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் ஒருவர் சன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார். ஃபாலெட்டோ மூடியிருக்க வேண்டும் என்கிறார். ஆளில்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது. வாடைக்காற்று இவர்மேல் நேராக வீசவில்லை. இருவரும் பாதிப்பாதி விட்டுக்கொடுத்து, சன்னலை அரைகுறையாகத் திறந்து, இருவருமே முகம் சுளித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஒருவர் என்ன கேட்கிறார் என்பதோடு நின்றுவிடாமல், ஏன் கேட்கிறார் என்பதுவரை போனால்தான் அடுத்த அறையின் சன்னல் கண்ணுக்குத் தெரியும்.

சன்னல் விவகாரத்தில் இரண்டே பேர். இரண்டு பேருக்குப் பதிலாக உலகத்து நாடுகள் எல்லாம் தரப்பினராக இருந்தால் இது சாத்தியமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக, நான் போகுமிடமெல்லாம் சொல்லும் ஒரு கதையை இங்கும் சொல்கிறேன். என்னை அறிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்புக் குப்பிகளிலும் ஒரு காலத்தில் குளோரோஃப்ளூரோகார்பன் என்ற வாயு பயன்பட்டது. 1920-களின் இறுதியில் உருவான அந்த வாயு தீப்பிடிக்காது, நஞ்சில்லை, விலையும் மலிவு. அது மேலே சென்று ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் 1974-இல் எழுதினார்கள். உற்பத்தியாளர்கள் மறுத்தார்கள், அரசுகள் தயங்கின. 1985-இல் அண்டார்க்டிக்காவின் மேல் வசந்தகாலத்தில் ஓசோன் பெருமளவு குறைவதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது.

இதுவரை கேட்டால் ‘அறிவியல் சொன்னது, உலகம் கேட்டது’ என்பது போலத் தோன்றும். பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமான பகுதியோ இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்தியாவும் சீனாவும் அப்போது கையெழுத்திடவில்லை. அவர்களுடைய வாதத்தை இழப்பவரின் கணக்காகப் படித்துப் பாருங்கள்: வாயுவைக் கொட்டி ஓசோனைக் கெடுத்தவர்கள் பணக்கார நாடுகள், எங்கள் வீடுகளுக்கு இப்போதுதான் குளிர்சாதனப் பெட்டி வரத் தொடங்கியிருக்கிறது, மலிவான வாயுவைக் கைவிட்டு விலை கூடிய மாற்றுக்குப் போகும் செலவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? ஓசோன் படலம் காக்கப்பட வேண்டும் என்ற இலக்கை அவர்கள் மறுக்கவேயில்லை. இலக்கில் கருத்து வேறுபாடு இல்லாதபோதும் தரப்புகள் விலகி நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

குறைந்த அளவில் வாயுவைப் பயன்படுத்திய வளரும் நாடுகளுக்கு உடன்படிக்கை முதலிலேயே பத்தாண்டு அவகாசம் தந்திருந்தது. அது போதவில்லை. 1990-இல் லண்டனில் கூடியபோது ஒரு பொது நிதியம் அமைக்கப்பட்டது. புதிய முறைக்கு மாறுவதால் ஏற்படும் கூடுதல் செலவைப் பணக்கார நாடுகள் அந்த நிதியத்தின் மூலம் கொடுக்கும். மூன்றாண்டுக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி டாலர் என்று முடிவாயிற்று. அந்த நிதியத்தை நடத்தும் செயற்குழுவில் வளர்ந்த நாடுகளுக்கு ஏழு இடம், வளரும் நாடுகளுக்கும் ஏழு இடம். இந்த ஏழுக்கு ஏழு என்பதை நான் அழுத்திச் சொல்வேன். பணம் கொடுக்கிறவரே எல்லாவற்றையும் தீர்மானித்தால் வாங்குகிறவர் அதைத் தானமாகக் கருதுவாரே ஒழியத் தம் திட்டமாகக் கருத மாட்டார். சீனா 1991-இலும் இந்தியா 1992-இலும் சேர்ந்தன. 2009-இல் ஐக்கிய நாடுகளின் உறுப்பு நாடுகள் அனைத்தும் அந்த உடன்படிக்கையில் இருந்தன.

இன்னொரு தரப்பையும் மறக்கக் கூடாது. மின்சுற்றுப் பலகைகளைக் கழுவ இதே குடும்பத்தைச் சேர்ந்த திரவம் ஒன்று தொழிற்சாலைகளில் பெருமளவில் பயன்பட்டுவந்தது. அதற்கு மாற்றே கிடையாது என்று முதலில் சொன்னது அத்தொழில்தான். அதே தொழிலின் பொறியாளர்களை உடன்படிக்கையின் தொழில்நுட்பக் குழுக்களில் உட்காரவைத்தார்கள். திரவத்தோடு அன்றாடம் பழகியவர்கள் என்பதால் அவர்களே வழியையும் கண்டார்கள். சில இடங்களில் நீரால் கழுவினார்கள். வேறு சில இடங்களில் பற்றவைக்கும்போது சேர்க்கும் பொருளை மாற்றிவிட்டால் பலகையைக் கழுவவே வேண்டியதில்லை என்று தெரிந்தது. முடியாது என்று சொன்னவரிடமே முடியும் வழியைத் தேடச் சொன்னதுதான் அங்கே நடந்தது. வெளியிலிருந்து வந்த வல்லுநர் இதையே சொல்லியிருந்தால் ஆயிரம் ஆட்சேபம் எழுந்திருக்கும்.

இங்கே சற்று விலகி, எனக்கு நீண்ட நாளாக ஆதங்கமாக இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொதுவான இலக்கு என்று எழுதிவைக்கப்படும் வாசகங்களைப் பற்றியது அது. ‘தரத்தில் சிறந்து, சேவையில் உயர்ந்து, எல்லோரையும் அரவணைத்து’ என்று போகும் வாசகத்தை யாரால் எதிர்க்க முடியும்? யாராலும் எதிர்க்க முடியாத வாசகம் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதுமில்லை. அதில் அவரவர் தம் விருப்பத்தை எழுதிக்கொள்வார்கள். கூட்டம் முடியும் தறுவாயில் ஆளுக்கொரு துண்டுத் தாளைக் கொடுத்து, ‘இந்த முடிவால் அடுத்த மாதம் உங்கள் வேலையில் என்ன மாறும்’ என்று பெயர் போடாமல் எழுதச் சொல்வது என் வழக்கம். ‘எதுவும் மாறாது’ என்று பல தாள்கள் திரும்பி வந்தால், கூட்டம் முடியவில்லை, இப்போதுதான் தொடங்கப்போகிறது என்று பொருள். மான்ட்ரியலில் எழுதப்பட்டது இப்படிப்பட்ட வாசகமன்று. 1986-ஆம் ஆண்டின் அளவை அடிப்படையாகக் கொண்டு அதில் பாதியைக் குறைக்க வேண்டும் என்று எண்ணும் ஆண்டும் போட்டு எழுதினார்கள். குறைத்தது போதாது என்று அறிவியல் சொன்னபோது, லண்டனில் முழுவதுமாக நிறுத்த முடிவு செய்தார்கள். கோபன்ஹேகனில் 1992-இல் வளர்ந்த நாடுகளுக்கான கெடுவை முன்னே இழுத்து 1996 என்று ஆக்கினார்கள்.

இனி, இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒரு நிகழ்ச்சி. சுவீடனில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. வலப்பக்கம் மாறலாமா என்று 1955-இல் மக்களிடம் வாக்கெடுத்தபோது ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆயினும் 1963-இல் நாடாளுமன்றம் மாற்ற முடிவெடுத்தது. 1967 செப்டம்பர் 3 அதிகாலை ஐந்து மணிக்கு நாடே பக்கம் மாறியது. பெரும்பான்மையின் விருப்பத்துக்கு மாறாகச் செய்ததும் நிலைத்திருக்கிறதே, பிறகு உடன்பாடு எதற்கு என்று இதைக் காட்டிச் சில மேலாளர்கள் என்னிடம் வாதிடுவதுண்டு. நான் சொல்வது இதுதான். சாலையில் நீங்கள் ஒருவர் மட்டும் பழைய பக்கத்துக்குத் திரும்ப முடியாது. திரும்பினால் எதிரே வாகனம் வரும். அந்த மாற்றம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். மருத்துவமனைக் குறிப்பேட்டின் கதை அப்படியன்று. அங்கே யாரும் எப்போது வேண்டுமானாலும் சந்தடியில்லாமல் தாளுக்குத் திரும்பிவிடலாம். உங்கள் மாற்றம் இந்த இரண்டில் எந்த வகை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகையென்றால் ஆணையால் ஒன்றும் ஆகாது. ஓசோன் உடன்படிக்கையில் இரண்டும் கலந்திருந்தன: உள்ளே வருகிறவருக்கு அவகாசமும் பணமும் உண்டு, வெளியே நிற்பவரோடு இந்தப் பொருள்களில் வணிகம் இல்லை. சுவீடனிலும் வெறும் ஆணை மட்டும் இருக்கவில்லை. நான்காண்டு ஆயத்தம் இருந்தது, அதற்கெனத் தனி ஆணையம் இருந்தது... அதையெல்லாம் விரிக்க இப்போது நேரமில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் கைகாட்டுகிறார்கள்.

உடன்பாடு ஏற்பட்ட பிறகு அதை யார் கண்காணிப்பது என்பதற்காகத் தனியே ஒரு பகுதி வைத்திருந்தேன். அதிலிருந்து ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கண்காணிப்பு என்றதும் தண்டனையை நினைக்கிறோம். பொதுவளங்களை மக்களே நிர்வகிக்கும் முறைகளை ஆராய்ந்து 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் கண்டது வேறு: நெடுங்காலம் நிலைத்த ஏற்பாடுகளில் கண்காணிப்பவர்கள் பயன்படுத்துவோரே, அல்லது அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள், முதல் தவறுக்குத் தண்டனையும் சிறிதுதான். ஓசோன் உடன்படிக்கையிலும் இதைக் காணலாம். அதன்படி முழுவதுமாகத் தடைசெய்யப்பட்ட வாயுக்களுள் ஒன்றை யாரோ மறுபடி வெளியிடுகிறார்கள் என்பதைக் காற்றின் அளவீடுகளைக்கொண்டு விஞ்ஞானிகள் 2018-இல் அறிவித்தார்கள். கிழக்குச் சீனாவிலிருந்து அதில் பெரும்பங்கு வருவதாகப் பின்னர் தெரிந்தது. யாரும் உடன்படிக்கையைவிட்டு வெளியேறவில்லை, யாரும் வெளியேற்றப்படவுமில்லை. சோதனைகள் நடந்தன, 2021-இல் வெளியான ஆய்வுகள் அந்த வெளியீடு மீண்டும் சரிந்துவிட்டதைக் காட்டின. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் இதுவரை செவிமடுத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.