மாத்திரை போட்டால் அவிசுவாசமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் இன்றைக்கு ஒன்றை மட்டும்தான் எடுக்கப் போகிறேன். தசமபாகம் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனசு போகவில்லை.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு ரொம்ப வருஷமாகக் குடிப்பழக்கம். ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தார். குடியை விட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டு வந்தார். ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் யாரோ ஒருவர், கர்த்தர் விடுதலை கொடுத்த பிறகு மாத்திரை எதற்கு, அது அவிசுவாசம் என்று சொல்லிவிட்டார். மனிதர் வீட்டுக்கு வந்து மாத்திரையை அட்டையோடு குப்பையில் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் மறுபடி டாஸ்மாக். சகோதரி கேட்பது இதுதான்: மாத்திரை போடுவது அவிசுவாசமா? மறுபடி குடித்துவிட்டாரே, அப்படியானால் அவர் மனந்திரும்பியது பொய்யா? அப்புறம், அவருக்குத் தெரியாமல் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் அவசரம். கலக்காதீர்கள் சகோதரி. நீங்கள் சொல்வது டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்க வேண்டும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து, அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பதற்குத்தான் அந்த மாத்திரை. தெரியாமல் சாப்பிட்டவருக்கு எப்படிப் பயம் வரும்? டாக்டருக்குத் தெரிந்து, உங்கள் கணவர் சம்மதத்தோடு, அவரே வாங்கிப் போட வேண்டும். கடையில் வாங்கி இட்லி மாவில் போடுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

முதல் கேள்வி. மாத்திரை அவிசுவாசம் இல்லை. பவுலுக்குக் கூடவே இருந்த லூக்காவை வேதம் 'பிரியமான வைத்தியன்' என்றுதான் சொல்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் ஒரு மருந்து சொன்னாரே, அந்த வசனத்தை மட்டும் இன்றைக்கு நான் எடுக்கப் போவதில்லை. அந்த மருந்து கொஞ்சம் திராட்சரசம், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் உபவாசக் கூட்டத்தில் கையைத் தூக்கி, இன்றோடு நிறுத்துகிறேன் என்று திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்க ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத ஆட்களெல்லாம் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊரும். கவனிக்காவிட்டால் சாவு வரைக்கும் போகும். ஒரு முழு இரவு ஜெபத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். ஒருவர் பாயில் உட்கார்ந்து, இல்லாத எறும்பைத் தன் வேட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. பிசாசு என்று சுற்றி நின்று சத்தம் போட்டார்கள். கூட்டத்தில் ஒரு நர்ஸ் அம்மா இருந்தார்கள். நேராக வந்து நாடி பார்த்தார்கள், 'ஐயா, ஆட்டோ கூப்பிடுங்க, ஜெபத்தை ஆட்டோவில பண்ணிக்கலாம்' என்றார்கள். மருத்துவமனையில் ஊசி போட்டு, பி1 வைட்டமின் ஏற்றி, மனிதர் பிழைத்தார். அந்த அம்மாவின் விசுவாசம் சத்தம் போட்டவர்கள் விசுவாசத்துக்குக் குறைந்ததா? ரொம்ப நாள் குடித்தவர் டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. இதை எல்லாப் போதகர்களும் மேடையிலேயே சொல்ல வேண்டும்.

சரி, மறுபடி குடித்தவர் மனந்திரும்பியது பொய்யா? இதற்கு ஒரு டாக்டரின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்கிற ஊர். டாக்டர் பாப் ஸ்மித் அங்கே அறுவை சிகிச்சை நிபுணர். மொடாக் குடிகாரர். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்று அப்போது ஒரு கிறிஸ்தவ ஐக்கியம் இருந்தது, அதன் கூட்டங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேலாகப் போய் வந்தார். வேதம் வாசித்தார், ஜெபித்தார், ராத்திரி ஆனால் குடித்தார். பொய்க்கு ஜெபித்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? 1935 மே மாதம், பில் வில்சன் என்கிற நியூயார்க்காரர் ஒரு வியாபார வேலையாக ஆக்ரன் வந்தார். வேலை கெட்டுப்போனது. ஹோட்டல் முன்கூடத்தில் நிற்கிறார், பக்கத்தில் பாரில் ஒரே சிரிப்புச் சத்தம். இவர் குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே போய்விடுவோமோ என்று பயந்து, ஊரிலுள்ள ஒரு போதகருக்கு போன் போட்டு, பேசுவதற்கு எனக்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். கவனியுங்கள், எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்கவில்லை. அப்படித்தான் டாக்டர் பாப் கிடைத்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்த டாக்டர் பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார்.

அதோடு முடிந்ததா? இல்லை. அடுத்த மாதமே டாக்டர் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் மறுபடி குடித்துவிட்டு வந்தார். திரும்பியதும் ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது, கை நடுங்கியது. நடுக்கம் அடங்க பில் வில்சனே ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். அதுதான் டாக்டர் குடித்த கடைசி மது. 1935 ஜூன் 10. ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற அமைப்பு, அந்தத் தேதியைத்தான் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. மறுபடி விழுந்த ஒருவர் எழுந்த நாள்! ஆக்ரனில் அவர்கள் ஆரம்பத்தில் அதிகம் வாசித்த பகுதிகளில் யாக்கோபு நிருபமும் ஒன்று. பழைய நேயர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும், யாக்கோபு தொடரில் இதைத் தேய்ந்த ரெக்கார்டு மாதிரி சொன்னேன். ஐந்தாம் அதிகாரம் 16: 'உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்.' டாக்டர் பாப்பிடம் ஜெபம் இருந்தது. அந்த 'ஒருவருக்கொருவர்' இல்லை. பில் வில்சன் அதைக் கொண்டு வந்தார்.

சகோதரி, உண்மையில் நீங்கள் என்னிடம் வேறு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். குடியை விட்டவர் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவார்? யாரும் இதைக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறோம், கை தட்டுகிறோம். சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு, பழைய நண்பர்கள் பைக்கில் வந்து ஹாரன் அடிக்கும்போது நம்மில் யார் அவர் வீட்டில் இருந்தோம்?

அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் மாட் டால்பட் என்று ஒரு கூலித் தொழிலாளி. கத்தோலிக்கர். கமெண்டில் சண்டைக்கு வருபவர்கள் வரலாம், நான் கதையை மாற்றப் போவதில்லை. 12 வயதில் மது பாட்டிலில் அடைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனார், அன்றிலிருந்து குடி. 1884-ல், 28 வயதில், வேலை இல்லாமல் கையில் காசில்லாத ஒரு சனிக்கிழமை, மதுக்கடை வாசலில் நின்றார். இவர் காசில் எத்தனையோ தடவை குடித்தவர்கள் ஒரு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போனார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குத் திரும்பி, அம்மாவிடம் சொல்லிவிட்டு, பாதிரியாரிடம் போய்ப் பொருத்தனை பண்ணினார். எத்தனை நாளைக்கு? ஆயுசுக்கா? இல்லை, மூன்று மாதத்துக்கு. அதன்பின் மறுபடி, அப்புறம்தான் ஆயுசுக்கும். 1925-ல் தெருவில் விழுந்து இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், குடிக்கவில்லை.

அந்த முதல் மூன்று மாதத்தைத்தான் நான் அடிக்கடி யோசிப்பேன். வேலை முடிந்த சாயங்காலம்தான் அவருக்குப் பெரிய கஷ்டம். பழைய கூட்டாளிகள் கண்ணில் படாமல் இருக்க, தூரத்தில் இருக்கிற ஆலயமாகப் பார்த்து நடப்பார், அங்கே போய் உட்கார்ந்திருப்பார். சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதையும் நிறுத்திவிட்டார். ஆறு மணிக்கு எங்கே போவது என்பதற்கு அவர் கண்டுபிடித்த பதில் அது. ஆலயம் திறந்திருந்தது, அதனால் முடிந்தது. நம் சபைக் கதவு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திறந்திருக்கிறதா? நான் என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் வாட்ச்மேன் மட்டும் இருப்பார்.

அதனால் சகோதரி, அவரை டாக்டரிடம் மறுபடி கூட்டிப் போங்கள். குப்பையில் போட்டதைச் சொல்லித் திட்டாமல் கூட்டிப் போங்கள். ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, பல இடங்களில் சர்ச் ஹாலில்தான். பணம் கேட்கமாட்டார்கள். உங்களுக்கும் அல்-அனான் என்று குடும்பத்தாருக்கான கூட்டம் இருக்கிறது, அதற்கும் போங்கள், நீங்களும் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அவர் அடித்தால், அதைப் பொறுத்துக்கொள்வதற்குப் பெயர் விசுவாசம் இல்லை, பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு ஜெபியுங்கள். உங்கள் போதகரிடம், சபையில் குடியை விட்டு நின்றவர் யாராவது சனிக்கிழமை சாயங்காலம் வந்து இவரோடு ஒரு டீ குடிக்க முடியுமா என்று கேளுங்கள். போதகர் தயங்கினால் இந்த வீடியோவை அனுப்புங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

நேரம் ஆகிவிட்டது. தசமபாகம் அடுத்த வாரம் கட்டாயம்.