அப்பா என்று கூப்பிடும் உரிமை

(யாழ்ப்பாணத்தில் நடந்த கரோல் ஆராதனை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, எங்களோடு சேர்ந்து பாட வந்திருக்கிற சைவ நண்பர்களே, எல்லோருக்கும் நத்தார் வாழ்த்துகள்.

இயேசு எந்தத் திகதியில் பிறந்தார் என்று வேதாகமம் சொல்லவில்லை. டிசம்பர் 25ஐ ரோமாபுரியில் 336ஆம் ஆண்டளவிலேயே கொண்டாடியதற்குச் சான்று இருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபையார் இன்றைக்கும் ஜனவரி 6இல் கொண்டாடுகிறார்கள். இதை வைத்துச் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. இயேசுவின் பிறப்பை எழுதிய மத்தேயுவும் லூக்காவும் திகதியை விட்டுவிட்டு, வந்தவர் யார், யாரிடம் வந்தார், எதற்காக வந்தார் என்பதை எழுதிவைத்தார்கள். நாமும் அந்த இடத்திலேயே நிற்போம்.

இங்கே இருக்கிற குடும்பங்களில் பலருக்குத் தெரிந்த ஒரு நிலைமையைச் சொல்கிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தகப்பன் வெளிநாடு போய்விடுகிறார். மாதாமாதம் காசு வருகிறது. நத்தாருக்குப் பார்சல் வருகிறது. போனில் குரல் கேட்கிறது, முகமும் தெரிகிறது. பிள்ளை "ஓம் அப்பா, சரி அப்பா" என்று மரியாதையாகப் பேசுகிறது. பல வருடம் கழித்து ஒருநாள் அந்த மனிதர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். பிள்ளை முதலில் தாயின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பிறகு மெல்ல மெல்லக் கிட்ட வருகிறது. கொஞ்ச நாளில் சைக்கிள் பாரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்கிறது, கோபித்துக்கொள்கிறது, மடியில் நித்திரை கொள்கிறது. பார்சல் அனுப்பினபோதும் அவர் தகப்பன்தான். ஆனால் பிள்ளைக்குத் தகப்பனோடு சண்டை பிடிக்கத் துணிவு வந்தது அவர் வந்த பிறகுதான்.

எபிரெயர் நிருபம் இப்படித்தான் தொடங்குகிறது. முற்காலத்தில் தீர்க்கதரிசிகள் மூலமாகப் பல விதமாய்ப் பேசிய தேவன், இந்தக் கடைசி நாட்களில் குமாரன் மூலமாய்ப் பேசினார் என்கிறது. யோவான் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "அந்த வார்த்தை மாம்சமாகி, நமக்குள்ளே வாசம்பண்ணினார்." ஆள் அனுப்பாமல் அவரே வந்தார். அழுகிற, பசிக்கிற, தாயின் கையை நம்பிக் கிடக்கிற ஒரு குழந்தையாக வந்தார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தத் தகப்பனைப் பிள்ளையிடமிருந்து பிரித்தது போரும் வறுமையும். எங்களைக் கடவுளிடமிருந்து பிரித்ததோ எங்கள் பாவம். தூரமாகப் போனது நாங்கள், தேடி வந்தது அவர். அதனால்தான் யோசேப்பின் கனவில் வந்த தூதன் குழந்தையின் பெயரைச் சொன்ன கையோடு காரணத்தையும் சொல்கிறான்: "அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்." குழந்தையைக் கிடத்திய முன்னணையைப் பற்றிப் பாடிவிட்டுச் சிலுவையைப் பற்றிப் பேசாமல் விட்டால் நத்தார் பாதியில் நின்றுவிடும். பெத்லகேமில் தொடங்கிய பயணம் கல்வாரிக்குத்தான் போகிறது.

அவரை ஏற்றுக்கொண்டவர்களுக்குக் கிடைப்பது என்ன? தேவனுடைய பிள்ளைகளாகும் அதிகாரம் என்று யோவான் முதலாம் அதிகாரம் சொல்கிறது. பிள்ளைகள் என்கிற அந்த இடத்தை நாங்கள் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை என்பது என் கவலை. எங்கள் ஜெபங்களைக் கவனித்துப் பாருங்கள். மகன் ஏ.எல். பாஸானால் இவ்வளவு காணிக்கை, விசா கிடைத்தால் நன்றி ஆராதனை. கேட்பதில் தவறில்லை, கேளுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் பேரம் பேசுகிற இடத்தில் உறவு வளராது. விசா கிடைக்காவிட்டால் ஆறு மாதம் ஆலயப் பக்கமே வராமல் இருக்கிறோம். பிள்ளை அப்படிச் செய்யுமா?

இன்னொரு கூட்டத்தாரையும் பார்க்க வேண்டும். கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் எருசலேமுக்கு வந்து, ராஜா பிறந்த இடம் எது என்று விசாரிக்கிறார்கள். அங்கே ஆண்ட ஏரோது ராஜா பிரதான ஆசாரியரையும் வேதபாரகரையும் கூப்பிட்டுக் கேட்கிறான். அவர்கள் தடுமாறவே இல்லை. யூதேயாவிலுள்ள பெத்லகேம் என்று, மீகாவின் தீர்க்கதரிசனத்தை எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள். விடை முழுவதும் சரி. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம் போகிற தூரம்தான். அவர்களில் ஒருவர்கூட அங்கே போனதாக மத்தேயு எழுதவில்லை. எத்தனையோ நாள் பயணம் செய்து வந்த அந்நியர்கள் போய்ப் பணிந்தார்கள். வசனத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இதை எங்கள் மண்ணில் நின்று வாசிக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கே வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கினார்கள். அதற்கும் முன்னே, 1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், புனித யோசேப் வாஸ் யாழ்ப்பாணம் வந்து மறைவாக ஊழியம் செய்தார். உடுவில் பெண்கள் பாடசாலைக்கு வயது 200 கடந்துவிட்டது. இத்தனை தலைமுறையாக வேதம் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள், கேட்டால் வசனம் சொல்லுவோம். ஆனால் பெத்லகேமுக்குப் போனோமா?

மேய்ப்பர் போனார்கள். இராவேளையில் மந்தையைக் காத்துக்கொண்டு வயலில் கிடந்தவர்களுக்குத்தான் முதல் செய்தி. ஆலயத்துக்குள் ஒன்றாக முழங்கால் படியிட்டுவிட்டு, கலியாணப் பேச்சு வந்ததும் எந்தப் பகுதி, என்ன ஆட்கள் என்று சாதி விசாரிக்கிற வழக்கம் எங்கள் சபைகளில் இன்னும் சாகவில்லை. ஒரே தகப்பனை அப்பா என்று கூப்பிடுகிறவர்கள் சகோதரர்கள். இதற்கு மேல் இதில் விளக்கம் தேவையில்லை.

இனி, எனக்கு இன்று முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

நத்தார் கதையின் ஒரு பகுதியை நாங்கள் ஒளிவிழா நாடகங்களில் நடிப்பதில்லை. சாஸ்திரிகள் திரும்பிப் போனதும் ஏரோதின் சேவகர் பெத்லகேமுக்கு வருகிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளைக் கொல்லுகிறார்கள். அதற்கு முன்னமே யோசேப்பு இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிவிடுகிறார்.

அந்த ஓட்டம் எங்களுக்குத் தெரியும். போர் நெருங்கிய 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. அந்த வருட நத்தார் பாடசாலைக் கட்டடங்களிலும் மரநிழல்களிலும் வந்தது. அதே வருடம் ஜூலை 9ஆம் திகதி, நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒன்பது வருடத்தின் பின், 2004இல், நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு காலை கடல் சுனாமியாய் வந்தது. முல்லைத்தீவிலும் மணற்காட்டிலும் முதல்நாள் போட்ட புது உடுப்பு காயும் முன்னே பிள்ளைகள் போய்விட்டார்கள்.

பெத்லகேம் தாய்மாரைப் பற்றி மத்தேயு என்ன எழுதுகிறார்? எரேமியாவின் வார்த்தையை எடுக்கிறார். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், அவர்கள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள். மத்தேயு அவளைக் கண்டிக்கவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று சொல்லி வாயை மூடவில்லை. இம்மானுவேல், அதாவது கடவுள் நம்மோடு என்ற பெயருடையவர், பிறந்த கதைக்குள்ளேயே அந்த அழுகைக்கு இடம் வைத்திருக்கிறார்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே என்ற கேள்விக்கு விடை காணாமலே சிலர் கண்மூடிவிட்டார்கள். ஆறுதலடையாதிருக்கிற அந்தத் தாய்மார் நத்தாருக்கு வெளியே நிற்கவில்லை. அவர்கள் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் நிற்கிறார்கள்.

கடவுள் மனிதனாய் வந்தார் என்பதன் அர்த்தம் இந்த அளவுக்குப் போகிறது. ஓடுவது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். தாய் பார்த்துக்கொண்டு நிற்க, பிள்ளை கொல்லப்படுவது எப்படியிருக்கும் என்றும் தெரியும். ஆகவே அவரிடம் கேள்வி கேட்கலாம். கோபத்தோடு கேட்கலாம், அழுதுகொண்டு கேட்கலாம். ஏன் என்று கேட்பது அவிசுவாசம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், இயேசுவே சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் இந்தக் கிழமை என்னிடம் சொன்னார்கள், ஜெபிக்க வாய் வருகுதில்லை என்று. அப்படி இங்கே இன்னும் பலர் இருக்கலாம். உங்களுக்கு 13ஆம் சங்கீதத்தைத் தருகிறேன். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. இன்றிரவு வீட்டுக்குப் போய் அதைச் சத்தமாக வாசியுங்கள். கடைசி இரண்டு வசனம் துதியாக முடிகிறது. அது இப்போது உங்களால் முடியாவிட்டால் நான்காம் வசனத்தோடு நிறுத்துங்கள். நாளைக்கு மறுபடி முதலாம் வசனத்திலிருந்து வாசியுங்கள்.