மக்கள்தொகை: 1

நேயர்களுக்கு வணக்கம். மக்கள்தொகைக் கணக்கு என்று பேச்செடுத்தாலே எனக்கு ஓர் ஊர்ப் பலகை நினைவுக்கு வரும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஊர் எல்லையில் பச்சைப் பலகை வைத்து, ஊர்ப் பெயரோடு மக்கள்தொகையையும் எழுதியிருப்பார்கள். 12-ஆம் எண் நெடுஞ்சாலையில் அப்படி ஒரு பலகையில் ‘மானோவை 1’ என்று இருந்தது.

மானோவை இருப்பது மாநிலத்தின் வட எல்லையை ஒட்டிய பாய்ட் மாவட்டத்தில். வடக்கே மிசௌரி ஆறு, தெற்கே நையோப்ரேரா ஆறு. நடுவே மேடும் பள்ளமுமான புல்வெளி, மாட்டுப் பண்ணைகள், மக்காச்சோள வயல்கள். ஊரின் பரப்பே சுமார் 134 ஏக்கர்தான். அங்கே மண்டிக் கிடந்த காட்டுப் பூக்களைப் பார்த்து, பூ என்று பொருள்படும் பழங்குடிச் சொல்லைப் பெயராக வைத்தார்கள் என்று சொல்வதுண்டு.

1902-ல் ரயில் பாதை வந்தது, கூடவே ஊரும் வந்தது. விவசாயி குதிரை வண்டியில் தானியம் ஏற்றி நிலையத்துக்கு வந்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தத் தூரத்தைக் கணக்கு வைத்துத்தான் அந்தச் சமவெளியில் ரயில் பாதை நெடுகிலும் ஊர்களை நட்டார்கள். 1930-ல் மானோவையில் 123 பேர். மளிகைக் கடைகள், தபால் நிலையம், பள்ளி, தேவாலயம் எல்லாம் இருந்தன.

அப்புறம் டிராக்டர் வந்தது, கார் வந்தது. பல குடும்பங்கள் பாடுபட்ட நிலத்தை ஒரே குடும்பம் பார்த்துக்கொள்ள முடிந்தது. காரில் ஏறினால் பெரிய ஊர்க் கடைத்தெரு என்றான பிறகு உள்ளூர்க் கடையை யார் தேடுவார்கள்? 1967-ல் தபால் நிலையம் மூடியது, 1974-ல் பள்ளி. ரயிலும் நின்றது. 1990-ல் 6 பேர். 2000-ல் இருவர்: எல்சி ஐலர், அவர் கணவர் ரூடி. 2004-ல் ரூடி காலமானார். 2010 கணக்கெடுப்பில் ஒன்று.

தனிமரம் தோப்பாகாது என்போம். ஆனால் சட்டத்தின் பார்வையில் மானோவை ஒரு முழு ஊர். எல்சி அம்மையார்தான் மேயர், எழுத்தர், பொருளாளர் எல்லாம். 1971 முதல் அந்தத் தம்பதி நடத்திய மதுக்கடையோடு கூடிய உணவகம் ஒன்று உண்டு. அதற்கான உரிமக் காகிதம் மாநில அரசிடமிருந்து ஊர் நிர்வாகத்துக்கு வரும். நிர்வாகத்தின் சார்பில் அதை வாங்குவது அவர், எழுத்தராகக் கையெழுத்திடுவது அவர், கடைக்காரராகப் பெற்றுக்கொள்வதும் அவர். ஆண்டுதோறும் சாலைத் திட்டம் ஒன்று எழுதி அனுப்பினால்தான் மாநில நிதி கிடைக்கும். ஊரின் நான்கு தெருவிளக்குகள் எரிவது அந்தப் பணத்தில்.

பலர் இதை வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த விளக்குகளுக்காக ஒருவர் வருடா வருடம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், இல்லையா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கெடுப்பு என்பது ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருந்து உறங்குகிறார் என்பதை எண்ணுவது. மத்தியானத்தில் யார் எங்கே கூடிச் சாப்பிடுகிறார்கள் என்பது அதில் வராது. சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களுக்கு உட்கார்ந்து பேசும் இடமாக இருந்தது அந்த உணவகம்தான்.

2020 கணக்கெடுப்பு முடிவில் மானோவைக்கு 2 என்று போட்டிருந்தார்கள். யாரும் புதிதாகக் குடிவரவில்லை. தனிநபர் விவரம் வெளியே தெரியக்கூடாது என்பது அங்கே சட்டம். ஒரே ஆள் இருக்கும் ஊரில் சரியான எண்ணை அச்சிட்டால் அந்த ஆளின் விவரம் அப்படியே வெளியாகிவிடும் அல்லவா? அதனால் மாநில மொத்தத்தைத் துல்லியமாக வைத்துக்கொண்டு, சிறிய இடங்களின் எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் குறைத்து வெளியிட்டார்கள். புவியியல் படிக்கும் பிள்ளைகள் சிற்றூர்க் கணக்குகளைக் கையாளும்போது இதை மறந்துவிடக்கூடாது.

அந்த ஊரில் ஒரு நூலகமும் உண்டு. ரூடி பெரிய வாசகர். தான் சேர்த்த புத்தகங்களைப் பொது நூலகமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மறைவுக்குப் பிறகு எல்சி அம்மையார் அதை நிறைவேற்றினார். கொட்டகை மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம், உள்ளே சுவரோடு சுவராக அலமாரிகள், சுமார் 5,000 புத்தகங்கள். வாசலில் ‘ரூடியின் நூலகம்’ என்று எழுதிய பலகை.

நன்றி, வணக்கம்.