17-ஆம் எண் ரேகை: நான்கு நிபுணர்களும் தவறியது எப்படி?

(திரையில்: மாட்ரிட் ரயில் பாதை வரைபடம்)

2004 மார்ச் 11, காலை நேரம். ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில், வேலைக்குப் போகிறவர்கள் நிரம்பியிருந்த நான்கு ரயில்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 190 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றே அல்கலா தே எனாரெஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வேனில் போலீசுக்கு நீல நிற பிளாஸ்டிக் பை ஒன்று கிடைத்தது. உள்ளே குண்டை வெடிக்க வைக்கும் டெட்டனேட்டர்கள். பையில் பதிந்திருந்த விரல் ரேகைகளில் ஒன்றுக்கு 17 என்று எண் கொடுத்தார்கள்.

அதன் படம் இன்டர்போல் வழியாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் போனது. அங்கே கணினியில் தேடியபோது, ஓரளவு ஒத்துப்போகும் 20 ரேகைகளின் பட்டியல் வந்தது. கணினியின் வேலை அத்தோடு சரி. இன்னாருடையது என்று முடிவு செய்வது நிபுணரின் கண்தான். சினிமாவில் 'மேட்ச்' என்று பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பலமுறை மறந்துவிடுகிறது.

பட்டியலில் நான்காவது ரேகை, ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது. முன்பு ராணுவத்தில் இருந்ததால் பதிவில் இருந்தது. பொருந்துகிறது என்றார் முதல் நிபுணர். இரண்டாமவர் சரிபார்த்து ஆமோதித்தார். பிரிவின் தலைவரும் ஆமோதித்தார். நீதிமன்றத்தில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் '100 சதவீதம்' என்றே எழுதினார்கள்.

இத்தனைக்கும் ஏப்ரல் 13 அன்றே ஸ்பெயின் போலீஸ், பொருந்தவில்லை என்று தெரிவித்திருந்தது. எஃப்.பி.ஐ. தன் முடிவை விளக்க ஒரு நிபுணரை மாட்ரிட்டுக்கு அனுப்பியது. மே 6 அன்று மேஃபீல்டைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை, முக்கிய சாட்சி என்ற பெயரில் இரண்டு வாரம் அடைத்து வைத்தார்கள். மே 19 அன்று, நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் மேஃபீல்டின் ரேகைதான் என்றார். அதே நாளில் மாட்ரிட்டிலிருந்து செய்தி வந்தது: ரேகை ஊனான் தாவூத் என்ற அல்ஜீரியருடையது. மறுநாள் மேஃபீல்ட் வெளியே வந்தார். எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006-இல் அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

(திரையில்: இரண்டு ரேகைகள் பக்கம் பக்கமாக)

சரி, தவறு எங்கே நடந்தது? அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2006-இல் வெளியிட்ட அறிக்கை அதை விலாவாரியாகச் சொல்கிறது. இரண்டு ரேகைகளும் உண்மையிலேயே அசாதாரணமாக ஒத்திருந்தன. கோடுகள் முடிகிற, பிரிகிற இடங்களைத்தான் நிபுணர்கள் புள்ளிகள் என்கிறார்கள். அப்படிப் பத்துப் புள்ளிகள் வரை பொருந்தியதும் நிபுணர்கள் திசை மாறினார்கள். மேஃபீல்டின் தெளிவான ரேகையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதையே பையிலிருந்த மங்கலான ரேகையில் தேடினார்கள். தேடியதால் 'தெரிந்தது'. மேல் இடது பகுதி பொருந்தவே இல்லை. அது வேறொரு தடவை தொட்டதால் பதிந்தது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அப்புறம் அந்தச் சரிபார்ப்பு. முதல் நிபுணரின் முடிவு இரண்டாமவருக்கு முன்பே தெரியும். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதை யாராவது சரிபார்ப்பு என்பார்களா?

மேஃபீல்ட் இஸ்லாத்தைத் தழுவியவர். முதலில் ரேகையை ஒப்பிட்டபோது நிபுணர்களுக்கு அது தெரியாது. ஆனால் ஸ்பெயின் மறுத்த பிறகும் அவர்கள் மறுபடி உட்கார்ந்து பார்க்கத் தயங்கியதற்கு, பின்னால் தெரியவந்த இந்த விவரமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்கிறது அறிக்கை. இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். தடயவியலை நாம் நம்புவதே அது ஆளைப் பார்க்காது என்பதற்காக.

இட்டியல் ட்ரோர் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. அனுபவமுள்ள ஐந்து நிபுணர்களிடம், அவர்களே முன்பு உண்மையான வழக்குகளில் பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளைக் கொடுத்து, மேஃபீல்ட் வழக்கில் எஃப்.பி.ஐ. தவறாகப் பொருத்திய ரேகைகள் இவை என்றார்கள். மூன்று பேர் பொருந்தவில்லை என்றார்கள். ஒருவரால் முடிவு சொல்ல முடியவில்லை. ஒரே ஒருவர்தான் பழைய முடிவில் நின்றார்.

விரல் ரேகையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2011-இல் வெளிவந்த ஆய்வில் 169 நிபுணர்கள் கலந்துகொண்டார்கள். வேறு வேறு ஆட்களின் ரேகைகளை ஒன்று என்று சொன்ன பிழை 0.1 சதவீதம்தான். குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. ஒரே ஆளின் ரேகைகளை வேறு என்று சொன்ன பிழை 7.5 சதவீதம். பிழையே வராத முறை என்று சாட்சிக் கூண்டில் சொல்லக் கூடாது என அமெரிக்க நீதித்துறையே இப்போது தன் நிபுணர்களுக்கு விதி வைத்திருக்கிறது.

(திரையில்: தேதி போட்ட ஆய்வகக் குறிப்பு)

மேஃபீல்ட் வழக்குக்குப் பிறகு எஃப்.பி.ஐ. ஆய்வகமும் நடைமுறையை மாற்றியது. சம்பவ இடத்து ரேகையில் என்னென்ன தெரிகிறது என்பதை, சந்தேக நபரின் ரேகையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். சில வழக்குகளில் இரண்டாம் நிபுணருக்கு முதல் முடிவைச் சொல்வதில்லை. அந்தக் குறிப்பு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் கிடைத்தால், எந்தப் புள்ளி முதலிலேயே கண்ணில் பட்டது, எது ஒப்பிட்ட பிறகு சேர்ந்தது என்று அவர் குறுக்கு விசாரணையில் கேட்க முடியும். கிடைக்காவிட்டால், நிபுணர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.