‘ஒண்டும் கேக்கிறானில்லையே’: சித்திரவதைப் படங்கள் ஏன் பயமுறுத்துவதில்லை?

(கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு மாலை, படம் பார்க்கும் நண்பர்கள் கூடிய சிறு கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கம். காலி வீதி பஸ் சத்தத்தை மீறிக் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

மாடிப்படி ஏறும்போதே ஒரு தம்பி என்னை மறித்து, “இந்தப் படங்களை எல்லாம் முழுசாப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார். பாதியைப் பார்த்தேன் தம்பி. மற்றப் பாதியில் நித்திரையாகிப் போனேன். இன்றைக்கு நான் பேச வந்ததும் அந்த நித்திரையைப் பற்றித்தான். ஒரு மனிதனைக் கட்டிவைத்து விரலை வெட்டுகிறார்கள், பார்க்கிற எனக்குக் கொட்டாவி வருகிறது. இது எப்படி நடக்கிறது?

2007, 2008 காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னாலும் புறக்கோட்டை நடைபாதையிலும் ஒரே டிவிடியில் நாலைந்து படங்களை அடித்து விற்பார்கள். அப்படி ஒன்றை எங்கள் வீட்டுப் பெடியன் வாங்கி வந்து போட்டான். சங்கிலி, துளைபோடும் மெஷின், அலறல். அப்போது சித்தப்பா எங்களோடு இருந்தார். கொஞ்சக் காலம் தடுப்புக்காவலில் இருந்துவிட்டு வந்தவர். எங்கே, எத்தனை நாள் என்பதெல்லாம் இந்த மேடைக்கு வேண்டாம். அவர் அறைக்குள் வந்ததும் நாங்கள் பதறிப்போய் ரிமோட்டைத் தேடினோம். “விடுங்கோ, ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு முறுக்குப் பையோடு உட்கார்ந்தார். பத்து நிமிடம் பார்த்தார். பிறகு திரும்பிக் கேட்டார்: “இவனுக்கு என்ன வேணுமாம்? ஒண்டும் கேக்கிறானில்லையே.”

அந்தக் கேள்வியை நான் பல வருடங்களாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அவர் அறிந்த சித்திரவதையில் முதலில் வந்தது கேள்வி. யார், எங்கே, யாரோடு? பதில் தெரிந்தாலும் ஆபத்து, தெரியாவிட்டாலும் ஆபத்து. அடி அதற்குப் பிறகுதான். படத்தில் கேள்வியே இல்லாமல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது ஏதோ தச்சுப் பட்டறை மாதிரித் தெரிந்திருக்க வேண்டும்.

சித்திரவதை என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். அர்த்தசாஸ்திரத்தில் கொலைத் தண்டனை இரண்டு வகை. ஒன்று சுத்தம், மற்றது சித்திரம். சும்மா கொல்வது சுத்தம். விதவிதமாக வருத்திக் கொல்வது சித்திரம். ஆக, இங்கே சித்திரம் என்றால் படம் இல்லை, பலவிதம். ஹொலிவூட்காரர் அந்தப் பலவிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். புதுப்புது மெஷின், புதுப்புது கத்தி. வதைபடுகிறவன் யார் என்று கேட்டால் பெயர் நினைவுக்கு வராது. படம் முடிந்து பஸ் ஏறும்போது எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிச் சொல்வோம், ஒருவனுடைய பெயரைக்கூடச் சொல்லமாட்டோம்.

ஆனால் இந்த வகையைத் தொடக்கிவைத்த படம் அப்படிப்பட்டதில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 2004இல் வந்த ‘சோ’ (Saw). மலேசியாவின் கூச்சிங்கில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஜேம்ஸ் வான் எடுத்தது. 18 நாள் படப்பிடிப்பு, ஏறக்குறைய 1.2 மில்லியன் டொலர் செலவு, உலகம் முழுக்க வசூல் 100 மில்லியனுக்கு மேல். பாழடைந்த குளியலறை ஒன்றில் இரண்டு பேர் காலில் சங்கிலியோடு கிடக்கிறார்கள். கையில் கிடைக்கிற அறுக்கும் வாளுக்குச் சங்கிலி அறுபடாது, கால் அறுபடும். அவ்வளவுதான் கதை. அங்கே ஒரு கேள்வி இருக்கிறது பாருங்கள்: நீயாயிருந்தால் என்ன செய்வாய்? அறுக்கிற காட்சியில் கமெரா பெரும்பாலும் முகத்தில்தான் நிற்கிறது. பிறகு 2010 வரை தீபாவளிப் படம் மாதிரி வருடா வருடம் ஒன்று, மொத்தம் ஏழு. ஒவ்வொரு வருடமும் புது மெஷின் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம். கேள்வி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஆயுதக் கண்காட்சிதான் மிஞ்சியது.

‘ஹொஸ்டல்’ படமும் அப்படித்தான். பணம் கொடுத்து மனிதரை வாங்கிச் சித்திரவதை செய்யும் பணக்காரர்கள். அமெரிக்கனுக்குத்தான் விலை அதிகம். அந்தப் படம் வந்த கையோடு, 2006 ஜனவரியில், டேவிட் எடெல்ஸ்டீன் என்ற விமர்சகர் இந்த வகைப் படங்களுக்கு ‘சித்திரவதை ஆபாசம்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. அதில் எனக்கு உண்மையாகவே வியர்த்த இடம் இரத்தம் தெறிக்கும் இடமில்லை. தப்பி ஓடும் பையன் உடுப்பு மாற்றும் அறையில் ஒரு வாடிக்கையாளனிடம் மாட்டுகிறான். அவன் இவனையும் வாடிக்கையாளன் என்று நினைத்து ஆசையோடு விசாரிக்கிறான். எப்படி இருந்தது, மெதுவாகச் செய்வதா கெதியாகச் செய்வதா என்று. இவன் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு சொல் பிசகினால் முடிந்தது.

ஒரு சொல் பிசகினால் முடிந்தது என்பதைக் கொழும்புத் தமிழருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 58, 83 இனக்கலவரக் கதைகளை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வாளிக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று தெரியும். ஆள் தமிழனா என்று அறிய ‘பால்திய’வைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். முதல் எழுத்து வாயிலிருந்து எப்படி வருகிறது என்று பார்த்தார்கள். கத்தி அந்த ஆளின் கையில் சும்மாதான் இருந்தது. எங்கள் அம்மம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது கத்தியை வர்ணித்ததே இல்லை. அந்த எழுத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவார்.

இதே விஷயத்தை ஒரே இயக்குநரிடம் இரண்டு விதமாகப் பார்க்கலாம். ரோலண்ட் ஜோஃபே 1984இல் ‘கில்லிங் ஃபீல்ட்ஸ்’ எடுத்தார். கம்போடியாவில், படித்தவர்களைத் தேடிக் கொன்ற கெமர் ரூஜ் ஆட்சியின் பிடியில் அகப்பட்ட ஒரு பத்திரிகையாளர், தான் படித்தவர் என்பதை மறைத்து உயிர்வாழ வேண்டும். ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரியாத மாதிரி நிற்க வேண்டும். அந்த வேடத்தில் நடித்த ஹெயிங் நோர் உண்மையில் ஒரு வைத்தியர். தன் தொழிலை மறைத்துத்தான் அப்படியான முகாம்களில் உயிர் தப்பினார். பிள்ளைப்பேற்றில் மனைவி சாகக் கிடந்தபோதும் வைத்தியனாகக் கைவைக்க முடியாமல் நின்றவர். 1985இல் ஒஸ்கார் கிடைத்தது. அந்தப் படத்தில் யாராவது அவரைப் பார்த்தாலே நமக்கு நெஞ்சு இடிக்கும்.

அதே ஜோஃபே 2007இல் ‘காப்டிவிட்டி’ எடுத்தார். ஒரு பெண்ணைக் கடத்தி அடைத்துவைத்து வதைக்கிறார்கள், வேறு ஒன்றும் இல்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் கடத்தல், அடைப்பு, சித்திரவதை, முடிவு என்று நாலு படம் போட்ட பெரிய விளம்பரப் பலகைகளை வைத்து, சனம் கொதித்தெழுந்து, அவற்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. படமும் ஓடவில்லை. எனக்கு என்னவோ அந்தப் பலகையே முழுப் படம் என்றுதான் படுகிறது. நாலு கட்டத்தையும் தெருவிலேயே பார்த்தவன் உள்ளே போய் எதற்குக் காத்திருப்பான்?

தொல்காப்பியரிடம் கொஞ்சம் போய்வருவோம், பயப்படாதீர்கள், நீளமில்லை. உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்க நாலு இடம் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இளிவரல், அதாவது அருவருப்பும் இழிவும் கலந்த உணர்வு, அது பிறக்க வேறு நாலு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சத்தின் நாலும் வெளியில் நின்று நம்மை நோக்கி வருகிறவை. இன்னும் வந்து சேரவில்லை. இளிவரலின் நாலும் உடம்புக்குள் ஏற்கெனவே வந்துவிட்டவை. தோலை உரிக்கிற காட்சி இரண்டாம் பட்டியலில் சேரும். டிக்கெட்டை முதல் பட்டியலுக்கு விற்றுவிட்டு இரண்டாவதைக் கொடுத்தால், ஏமாந்துவிட்டோம் என்று சபைக்குத் தோன்றாதா? (‘தம் இறை’ என்றால் அரசன். அதற்குமேல் நான் உரை சொல்லப் போவதில்லை.)

ஜப்பான்காரர் தகஷி மீகேயின் ‘ஓடிஷன்’ 1999இல் வந்தது. அதில் வெட்டும் ஊசியும் தாராளமாக உண்டு. ஆனால் அதற்கு முன் நீண்ட நேரம் ஒன்றும் நடக்காது. மனைவியை இழந்தவர் ஒருவர், நடிகை தேர்வு என்று பொய் சொல்லிப் பெண்களை வரிசையாக உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார். அதில் ஒருத்தியைப் பிடித்துப் போகிறது. அவள் வெறும் அறையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு டெலிபோன், பின்னால் ஒரு சாக்குமூட்டை. டெலிபோன் அடிக்கிறது. மூட்டை துள்ளுகிறது. நான் இந்தப் படங்களில் கண்ட மிகப் பெரிய பயம் அந்த மூட்டைதான். பின்னால் வரும் ஊசிகளை அந்த மூட்டையின் கடனில்தான் பார்த்து முடித்தேன்.

இப்போது ஒருவர் எழுந்து, “நீங்கள் இளகின மனசுக்காரர், அவ்வளவுதான்” என்று சொல்லலாம். இருக்கலாம். ஆனால் தவக்காலத்தில் நீர்கொழும்புப் பக்கம் டூவவில் இயேசுவின் பாடுகளின் நாடகம் போடுகிறார்கள். கசையடி, முள்முடி, ஆணி, எல்லாம் உண்டு. கதை எல்லாருக்கும் மனப்பாடம். அப்படியிருந்தும் அழுகிறார்கள். அங்கேயும் பிலாத்து ஒரு கேள்வி கேட்கிறான், “நீ யூதரின் அரசனா?” என்று. தாய் ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாம் அடியை அவள் கண்ணால் பார்க்கிறோம். சித்திரவதைப் படங்களில் பெரும்பாலும் தாய்க்கு இடமே இல்லை.

பரிஸில் கிராண்ட் கின்யோல் என்று ஒரு சிறு அரங்கு 1897இலிருந்து இரத்தமும் கொலையுமாக நாடகம் போட்டது. 1962இல் மூடினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மேடையில் நடப்பதெல்லாம் உலகத்தில் நடக்கவே முடியாதது என்று சனம் நம்பியது, போருக்குப் பிறகு அதைவிட மோசமானதும் நடக்கும் என்று தெரிந்துவிட்டது என்ற கருத்தில் அதன் கடைசி இயக்குநர் பேசியிருக்கிறார். நாங்கள் அந்த இரண்டாவது சபை. ‘ஹொஸ்டல்’ இரண்டாம் பாகம் வெளிவந்த அதே 2007இல்தான், ஒக்டோபரில், ஐ.நா.வின் சித்திரவதைக்கான விசேட அறிக்கையாளர் மன்ஃப்ரெட் நொவக் இலங்கைக்கு வந்து தடுப்பிடங்களைப் பார்த்துப் போனார்.

தடை செய்யச் சொல்லி நான் வரவில்லை. தணிக்கைக்காரர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டால் அவர் முதலில் வெட்டுவது நல்ல படத்தைத்தான். மேக்கப் வேலையை ரசிக்க என்றே இவற்றைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜாலவித்தை பார்க்கிற சந்தோஷம் அது. அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

சித்தப்பாவுக்கு வருகிறேன். அன்றைக்கு அவர் முறுக்கு முடிந்ததும் சாய்ந்து தூங்கிவிட்டார். சில மாதம் கழித்து, டிவியில் யாரோ மாமி, மருமகள் சண்டை போடும் சீரியல். எல்லாரும் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் வீட்டு வேலைக்காரர் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு நடைபாதையில் நடந்து வருகிறார். ஆளைக் காட்டவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. சித்தப்பா எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்தவர் வாசல் கதவை அகலத் திறந்து, சாத்தாமல் இருக்கக் கீழே ஒரு கல்லை வைத்துவிட்டு உட்கார்ந்தார். நுளம்பு வருகிறது என்று யாரும் சொல்லவில்லை.