சீட்டைத் தூக்காதீர்கள், அமுக்குங்கள்

வணக்கம் மக்களே! முதலில் இதைப் பாருங்கள். இருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். கழன்றுவிட்டது! என் பைக்கின் சீட்டு முழுசாக என் கையில் இருக்கிறது. ஒரு கீறல் இல்லை, விரிசல் இல்லை, சாவியும் வளையவில்லை. கையைக்கூடக் கழுவாமல் கேமராவை ஆன் செய்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

போன வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புது ஃபோம் வைத்து, புது கவர் தைத்து வந்த சீட்டு இது. பார்க்க அருமையாக இருக்கிறது, உட்காரவும் சுகமாக இருக்கிறது. ஆனால் மாட்டியதோடு சரி, அப்புறம் கழற்றவே வரவில்லை. சாவியைப் போட்டால் பாதி வரை திரும்புகிறது. அதற்கு மேல் அசைய மறுக்கிறது. பேட்டரி, ஃபியூஸ், டூல் கிட் எல்லாமே சீட்டுக்கு அடியில். டூல் கிட்டைச் சீட்டுக்கு அடியில் வைக்கிற வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, பழைய வீடியோக்களிலேயே பல முறை சொல்லியிருக்கிறேன். சைடு பேனலை, அதாவது சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும் மூடியை, கழற்ற வேண்டிய ஸ்பேனர் பூட்டுக்குள்ளே கிடந்தால் நடுவழியில் நிற்கிறவர் என்ன செய்வார்? அதனால்தான் எப்போதும் பையில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஆலன் கீ (அறுகோணக் குழிக்குள் போட்டுத் திருப்பும் சாவி) செட்டும் தனியாக வைத்திருக்கிறேன். இந்த முறை அதுதான் கைகொடுத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீட்டு வராவிட்டால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது என்ன? பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்குவது. ஒரு கையில் சாவி, மறு கையால் சீட்டை மேலே இழுப்பது. அதைத்தான் செய்யக்கூடாது. இழுக்க இழுக்க லாக் இன்னும் இறுகும். ஏன் என்று காட்டுகிறேன், சீட்டைத் திருப்புகிறேன் பாருங்கள்.

இதோ, சீட்டின் அடித்தட்டில் பின்பக்கம் ஒரு இரும்பு வளையம் இருக்கிறதா? சீட்டை அழுத்தி மூடும்போது இந்த வளையம் ஃப்ரேமில் இருக்கிற கொக்கிக்குள் போய் உட்காரும். கொக்கியை ஒரு ஸ்பிரிங் பிடித்து வைத்திருக்கும். சாவியைத் திருப்பினால் கேபிள் இழுபடும், கேபிள் கொக்கியை இழுக்கும், வளையம் விடுபடும். அவ்வளவுதான் ஏற்பாடு. இப்போது இந்தக் கறுப்பு ரப்பர் புஷ்களைப் பாருங்கள், நான்கு மூலையிலும் இருக்கிறதே. இவைதான் சீட்டை ஃப்ரேமில் உட்கார வைப்பவை. லாக் போட்ட பிறகு இவை அமுங்கிய நிலையில் இருக்கும், எப்போதும் சீட்டை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளு முழுவதும் வளையத்தின் வழியாகக் கொக்கியின் மேல்தான் விழுகிறது. கொக்கியும் வளையமும் இரும்போடு இரும்பாக அழுத்திக்கொண்டு நிற்கும்போது உராய்வு கூடும். அந்த உராய்வை மீறி ஒரு மெல்லிய கம்பி அதை இழுக்க வேண்டும். இதில் நீங்களும் மேலே இழுத்தால் என்ன ஆகும்? உராய்வு இன்னும் கூடும்.

அதனால் சீட்டை அமுக்குங்கள். கொக்கி இருக்கிற இடத்துக்கு நேர் மேலே உள்ளங்கையை வைத்து, உடம்பின் எடையைக் கொடுத்து நன்றாக அமுக்கியபடியே சாவியைத் திருப்புங்கள். வளையம் கொஞ்சம் கீழே இறங்கினால் போதும், கொக்கியின் மேலிருந்த பாரம் போய்விடும். பாதிக்கு மேல் வண்டிகளில் விஷயம் இதோடு முடிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. கூட ஆள் இருந்தால் அவரைச் சீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து லேசாகக் குதிக்கச் சொல்லுங்கள், நீங்கள் சாவியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் இது மட்டும் போதவில்லை. அமுக்கினால் சாவி முழுசாகத் திரும்பியது, ஆனால் ‘டக்’ என்ற அந்தச் சத்தம் வரவில்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள், இங்கேதான் நோய் எங்கே இருக்கிறது என்று தெரியும். சாவியே திரும்பவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் லாக்கிலோ கொக்கியின் மேலிருக்கும் பாரத்திலோ இருக்கும். சாவி திரும்புகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் கேபிளில். சத்தமும் வருகிறது, சீட்டு மட்டும் வரவில்லை என்றால் முன்பக்கத்தில். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. சீட்டின் அடித்தட்டு பிளாஸ்டிக். பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அதன் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் விளிம்பு உடையும், உடைந்தால் சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. நெம்புவது வேலையே இல்லை!

சரி, கேபிள். சைடு பேனலைக் கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ, மற்றபடி பேனலின் பின்னால் இருக்கும் குமிழ்கள் ரப்பர் வளையங்களுக்குள் செருகியிருக்கும். ஒரே மூலையைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் பிடித்து நேராக வெளியே இழுக்க வேண்டும். உள்ளே என் மஞ்சள் டார்ச்சை அடித்துப் பார்த்தால்... ஐயோ, அந்தக் காட்சியைக் காட்டியே ஆக வேண்டும். இதோ, இந்தத் தகட்டில் ஒரு வெட்டு இருக்கிறது பாருங்கள். கேபிளின் மேலுறை முடிகிற இடத்தில் ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கும், அது இந்த வெட்டுக்குள் உட்கார வேண்டும். உட்காரவில்லை! வெட்டுக்கு வெளியே வந்து, தகட்டின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைக்காதீர்கள், மொத்த மர்மமும் இதுதான். சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரிதான் இதுவும். உள்ளே இருக்கும் கம்பி இழுக்க வேண்டுமானால் வெளியே இருக்கும் உறை இரண்டு முனையிலும் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு முனை விடுபட்டால் கம்பியோடு சேர்ந்து உறையும் நகரும், கொக்கிக்கு இழுப்பே போய்ச் சேராது. சாவி திரும்பும், ஆனால் ஒன்றும் நடக்காது. நோஸ் பிளையரால் உறையின் முனையைப் பிடித்து, கொஞ்சம் பின்னால் இழுத்து, குப்பியை வெட்டுக்குள் இறக்கினேன். கை நுழைய இடமே இல்லை, இரண்டு விரல்தான் போகும். உட்கார்ந்தது தெரிந்ததும் அப்படியே பிளையரால் கம்பியையே நேராக இழுத்தேன், இடது கையால் சீட்டை அமுக்கியபடி. ‘டக்’! அந்தச் சத்தம் இருக்கிறதே, வீடியோவில் மறுபடியும் போட்டுக் காட்டுகிறேன், கேளுங்கள். சுத்தமான சத்தம். இதைக் கேட்கத்தான் இவ்வளவும்.

ஆனாலும் சீட்டு வரவில்லை, மக்களே. பின்பக்கம் எழும்பிவிட்டது, முன்பக்கம் விடவில்லை. சீட்டின் முன்னால் ஒரு நாக்கு இருக்கும், டேங்குக்குப் பின்னால் ஃப்ரேமில் இருக்கிற பட்டைக்கு அடியில் செருகியிருக்கும். பின்பக்கம் எழும்பியதும் மேலே தூக்காமல், பின்பக்கமாக நேராக இழுக்க வேண்டும். அதிகம் தூக்கினால் நாக்கு பட்டைக்குள் குறுக்காக மாட்டிக்கொள்ளும். கொஞ்சமாகத் தூக்கி, இடம் வலம் ஆட்டி, பின்னால் இழுங்கள். வரும். என் சீட்டும் அப்படித்தான் வந்தது.

இப்போது சீட்டைக் கழற்றிப் பார்த்தால் கோபம் வருகிறது. கவர் தைத்தவர் தையலில் குறை வைக்கவில்லை, அது நிஜம். ஆனால் அடியில் கவரை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தைப் பாருங்கள். நாக்கின் பக்கத்தில் துணி இரண்டு மூன்று மடிப்பாகச் சுருண்டு கிடக்கிறது. அந்தத் தடிமன் நாக்குக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. அதோடு விட்டாரா? பழைய ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார், நான் கேட்கவே இல்லை! பின்பக்கப் புஷ் முன்பக்கத்தைவிட உயரமாக இருக்கிறது. அதனால்தான் சாவி பாதியில் நின்றது. அந்தப் பாரத்தோடு சாவியைத் திருப்பத் திருப்ப இழுப்பு முழுவதும் உறையின் முனைமேல் ஏறி, குப்பி வெட்டிலிருந்து நழுவியிருக்கிறது. ரப்பர் புஷ் என்பது அலங்காரம் இல்லை, அதன் உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கவர் தைக்கக் கொடுப்பவர்கள் பழைய புஷ்களையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள், கொடுக்கும் முன்னால் அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லவேளை, பழைய புஷ்கள் ஒரு பையில் போட்டு வந்திருந்தன. அவற்றை மாட்டிவிட்டேன். மடிப்பில் இருந்த பின்களை எடுத்து, அதிகத் துணியை வெட்டி, தட்டையாக மடித்து மறுபடியும் அடித்தாகிவிட்டது. இந்த வேலை சுலபம், அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன், கேபிளுக்கே திரும்புகிறேன். உறையைக் கையில் பிடித்து இழுப்பதற்கு முன்னால் சாவி போடும் லாக் பக்கத்து முனையையும் பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கமும் விடுபட்டிருந்தால் இந்தப் பக்கம் என்ன செய்தும் பயனில்லை. கம்பியில் ஒரு இழை அறுந்து பிரிந்திருந்தாலும் கேபிளையே மாற்றிவிடுங்கள். ஒட்டு வேலை வேண்டாம். முழுசாக அறுந்துபோனால் கொக்கியை எட்ட வழி தேட வேண்டும். சில வண்டிகளில் பின் மட்கார்டுக்கு அடியிலிருந்து நீள ஸ்க்ரூடிரைவரால் கொக்கியைத் தள்ள முடியும், சிலவற்றில் பின்பக்க பிளாஸ்டிக் முழுவதையும் அவிழ்க்க வேண்டிவரும். கேபிள் அறுந்தால் கையால் திறக்க ஒரு வழி வைக்காத வடிவமைப்பை என்னால் ஏற்கவே முடியாது.

அப்புறம் எண்ணெய். சாவித் துளையில் கையில் கிடைத்த எண்ணெயை எல்லாம் ஊற்றாதீர்கள். உள்ளே மெல்லிய தகடுகள் வரிசையாக ஸ்பிரிங்கோடு நிற்கின்றன. கனமான எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகி, அந்தத் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். லாக்குக்கு கிராஃபைட் தூள்தான் என் விருப்பம். துளி போதும், சாவியைச் சில தடவை செருகி எடுத்தால் பரவிவிடும். எல்லாவற்றுக்கும் டபிள்யூடி 40 அடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1953-ல் அது உருவானதே ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கத்தான், பெயரில் இருக்கும் 40 நாற்பதாவது கலவையைக் குறிக்கிறது. துரு இளக்க நல்ல பொருள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அடித்துவிட்டுத் துடைத்தபின் கொக்கிக்கு கிரீஸ் வைக்க வேண்டும். நான் வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்திருக்கிறேன், கொக்கியின் வாயிலும் அது சுழலும் ஆணியிலும் லேசாக. ரப்பர் புஷ்களில் அதைப் பூசாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பல ரப்பர்கள் ஊதிப்போகும், மறுபடியும் உயரம் கூடும், கதை முதலிலிருந்து தொடங்கும். ரப்பருக்கு சிலிகான் ஸ்பிரே.

இப்போது இன்றைய வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சீட்டை மாட்டும் முன்னால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். சீட்டு வெளியே இருக்கும்போதே ஒரு ஸ்க்ரூடிரைவரின் தண்டை வளையத்துக்குப் பதிலாகக் கொக்கிக்குள் அழுத்துங்கள். ‘டக்’. பூட்டிக்கொண்டது. சாவியைத் திருப்புகிறேன். விட்டுவிட்டது! மறுபடியும் பூட்டுகிறேன், தண்டை மேலே இழுத்துப் பாரம் கொடுத்தபடி திருப்புகிறேன். விட்டுவிட்டது, கொஞ்சம் தயங்கித்தான். தயக்கம் இருந்தால் கேபிளில் இன்னும் தொய்வு இருக்கிறது என்று அர்த்தம். உறையின் முனையில் சரிசெய்யும் நட்டு இருந்தால் தொய்வை எடுங்கள். முழுசாக முறுக்கிவிடாதீர்கள், கொஞ்சம் தளர்வு வேண்டும். இல்லாவிட்டால் கொக்கி சரியாகப் பூட்டாது, வண்டி ஓடும்போது சீட்டு எழும்பிவிடும்.

சீட்டு லாக்கில் இல்லாமல் போல்ட்டில் நிற்கிற வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் எம்6, அதாவது 6 எம்எம் மரை போல்ட்டு. அறுகோணத் தலை என்றால் பத்தாம் நம்பர் ஸ்பேனர். ஆலன் கீ தலையில் உருளைத் தலைக்கு 5 எம்எம் கீ, குமிழ் மாதிரி தட்டையான தலைக்கு 4 எம்எம் கீ. அந்த 4 எம்எம் குழி சீக்கிரம் தேய்ந்து உருண்டுவிடும், எனக்கு அறவே பிடிக்காத போல்ட்டு அது. குழிக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, கீயைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி அடிவரை இறக்கிய பிறகுதான் திருப்ப வேண்டும். திரும்ப மாட்டும்போது மரையை விரலால் பிடிக்க வைத்துவிட்டு, சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி.

சீட்டைக் கழற்றினால் பின்னால் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியின் போல்ட்டுகளும் தெரிகின்றன, பாருங்கள். அதில் ஒன்று துரு ஏறி இறுகிப் போயிருக்கிறது. பெனட்ரேட்டிங் ஆயில், அதாவது இடுக்கில் ஊறித் துருவை இளக்கும் எண்ணெய், விட்டிருக்கிறேன், ஊறட்டும். அதுவரை சீட்டை மாட்டப்போவதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் கழற்றி வைத்துவிட்டேன், ஸ்பேனர் தவறி டெர்மினலில் பட்டால் தீப்பொறி பறக்கும். அடுத்த வீடியோவில் அந்த போல்ட்டைப் பார்த்துவிடுவோம். நான் போய்க் கையைக் கழுவிக்கொள்கிறேன், வருகிறேன் மக்களே.